ஜாவாவும் வெளித்தீவுகளும்: இந்தோனேசியாவின் மக்கள், ஆட்சி, பொருளாதாரம்

கேள்வி இதுதான்: பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 28 கோடி மக்கள் எப்படி ஒரே ஆட்சியின் கீழ் வாழ்கிறார்கள், அந்த ஆட்சி எவ்வாறு அமைந்திருக்கிறது, அதன் பொருளாதாரம் எதை நம்பி நிற்கிறது? மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்துப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த நாடு புரியாது என்பது என் கருத்து. மக்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள், ஏற்றுமதிக்கான வளம் எங்கே கிடைக்கிறது, அதனால் வரும் பணத்தை யார் பங்கிடுகிறார்கள் என்ற மூன்றும் அங்கே பின்னிப் பிணைந்தவை. 1945 முதல் இன்றுவரை அந்நாட்டு அரசியலில் நேர்ந்த பெரிய திருப்பங்கள் பலவற்றின் வேரும் இந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது.

முதலில் மக்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 27.02 கோடி. இவர்களில் 15.16 கோடிப் பேர், அதாவது 56 விழுக்காட்டினர், நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள ஜாவாவில் வாழ்கிறார்கள். சுமத்ராவில் சுமார் 5.86 கோடிப் பேர் இருக்கிறார்கள். பரப்பில் ஜாவாவைவிடப் பல மடங்கு பெரிய மலுக்கு, பப்புவா பகுதிகள் இரண்டையும் சேர்த்தாலும் 86 லட்சம் பேர்தான். இந்த ஏற்றத்தாழ்வு நேற்று வந்ததன்று. எரிமலைச் சாம்பலால் வளம் பெற்ற ஜாவாவின் மண்ணில் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் நெல் விளைவதும், அந்தத் தீவு நெடுங்காலமாக அரசுகளின் மையமாக இருந்ததும், டச்சுக்காரர்கள் 1830 முதல் கரும்பு, அவுரி, காப்பி ஆகியவற்றைக் கட்டாயமாகப் பயிரிட வைத்து உழைப்பை அங்கேயே குவித்ததும் சேர்ந்து உண்டாக்கிய நிலை இது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே மொத்தம் 6 கோடிப் பேரில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் ஜாவாவிலும் அதை ஒட்டிய மதுராத் தீவிலும் இருந்தனர்.

ஜாவாவின் நெரிசலைக் குறைக்க இரண்டு வழிகளை அரசுகள் கையாண்டன. ஒன்று, மக்களைப் பிற தீவுகளில் குடியேற்றுவது. 1905இல் டச்சு அரசு சுமத்ராவின் தென்முனையிலுள்ள லம்புங் பகுதியில் தொடங்கிய இத்திட்டத்தை, 1998 வரை 32 ஆண்டுகள் ஆண்ட அதிபர் சுகார்த்தோவின் அரசு உலக வங்கிக் கடனுடன் மிகப் பெரிய அளவில் விரித்தது. பல லட்சம் குடும்பங்கள் சுமத்ரா, கலிமந்தான் (போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதி), சுலவேசி, பப்புவா ஆகிய பகுதிகளுக்கு அனுப்பப்பட்டன. ஜாவாவின் நெரிசல் இதனால் குறிப்பிடும்படியாகக் குறையவில்லை. குடியேறியவர்களுக்கும் அம்மண்ணின் மக்களுக்கும் இடையே நிலம், தொழில், மதம் சார்ந்த கசப்பு மட்டும் பல இடங்களில் வேரூன்றியது. 2001இல் மத்திய கலிமந்தானின் சம்பித் நகரில் தாயக் மக்களுக்கும் மதுராவிலிருந்து வந்தவர்களுக்கும் இடையே நடந்த கொடிய மோதலில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதற்குப் பின்னணியில் இந்தக் கசப்பும் இருந்தது.

மற்றொரு வழி குடும்பக் கட்டுப்பாடு. இது உண்மையாகவே பலித்தது. 1970இல் தேசிய ஒருங்கிணைப்பு அமைப்பு ஒன்றை நிறுவி, கிராமத் தலைவர்கள், மருத்துவச்சிகள், முஸ்லிம் சமய அமைப்புகள் என எல்லாரையும் இணைத்துக்கொண்டு, 'இரண்டு குழந்தைகள் போதும்' என்ற முழக்கத்தை ஊர்தோறும் கொண்டு சென்றார்கள். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு பெண்ணுக்கு ஐந்துக்கும் மேலிருந்த குழந்தைகளின் சராசரி இப்போது 2.2க்கும் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. இதன் பயனாக 2020இல் மக்களில் 70.7 விழுக்காட்டினர் 15 முதல் 64 வயதுக்குள் இருந்தார்கள். இவர்களுக்கு நல்ல வேலை கிடைக்குமா என்பதுதான் இன்றைய பொருளாதாரக் கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

மதம், மொழி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினர் முஸ்லிம்கள். உலகில் மிகப் பெரிய முஸ்லிம் மக்கள்தொகை கொண்ட நாடுகளில் ஒன்று. ஆனால் அரசியல் சட்டம் இஸ்லாத்தை அரச மதமாக ஏற்கவில்லை. 'ஒரே இறைமையில் நம்பிக்கை' என்று தொடங்கும் ஐந்து கோட்பாடுகளைக் கொண்ட பஞ்சசீலக் கொள்கையே அரசின் அடித்தளம். இஸ்லாம், புரொட்டஸ்டன்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம் ஆகிய ஆறு மதங்களை அரசு ஏற்றிருக்கிறது. மொழியைப் பொறுத்தவரை அவர்கள் எடுத்த முடிவு வியந்து பாராட்டத் தக்கது. மக்களில் 40 விழுக்காட்டினர் ஜாவா இனத்தவர். அவர்களுடைய மொழிக்கு நெடிய இலக்கிய மரபும் உண்டு. இருந்தும், 1928 அக்டோபர் 28 அன்று இளைஞர் மாநாட்டில் கூடியவர்கள், துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பொதுவாகப் புழங்கிய மலாயைத் தேசிய மொழியாக ஏற்று உறுதிமொழி எடுத்தார்கள். பெரும்பான்மையின் மொழியைப் பிறர்மீது ஏற்றாததால், மொழியை முன்னிட்டு நாடு பிளவுபடும் அபாயத்தை அவர்கள் பிறப்பிலேயே தவிர்த்துவிட்டார்கள்.

பணத்தைப் பங்கிடுவதில் அந்த முன்யோசனை இருக்கவில்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று, முதல் அதிபரான சுகர்ணோவும் துணை அதிபரான ஹத்தாவும் விடுதலையை அறிவித்தார்கள். நான்கு ஆண்டுப் போருக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகு 1949 டிசம்பரில் டச்சு அரசு ஆட்சியைக் கைமாற்றியது. அப்போது அமைந்த கூட்டாட்சி, டச்சுக்காரர்கள் நாட்டைத் துண்டாக்கச் செய்த சூழ்ச்சி என்ற சந்தேகத்துக்கு உள்ளாகி, ஓராண்டுக்குள் கலைக்கப்பட்டு, 1950 ஆகஸ்ட்டில் ஒற்றையாட்சி வந்தது. கூட்டாட்சி என்ற சொல்லே அன்றிலிருந்து அங்கே ஐயத்துடன் பார்க்கப்படுகிறது. இதன் விளைவு விரைவிலேயே தெரிந்தது. ரப்பர், எண்ணெய், கொப்பரை என ஏற்றுமதி வருவாயின் பெரும்பகுதி சுமத்ராவிலிருந்தும் சுலவேசியிலிருந்தும் வந்தது. செலவோ ஜகார்த்தாவில் முடிவாயிற்று. சுமத்ராவைச் சேர்ந்தவரான ஹத்தா 1956 டிசம்பரில் துணை அதிபர் பதவியிலிருந்து விலகினார். 1958 பிப்ரவரியில் மேற்குச் சுமத்ராவில் போட்டி அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. வட சுலவேசியும் அதனுடன் சேர்ந்துகொண்டது. அவர்கள் தனிநாடு கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தங்கள் பகுதிக்குரிய பங்கையும் மத்தியில் வேறொரு ஆட்சியையும் கேட்டார்கள். இராணுவம் அதை ஒடுக்கியது. 1959இல் சுகர்ணோ நாடாளுமன்ற முறையைக் கைவிட்டு 1945ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்துக்குத் திரும்பினார். அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தது. இராணுவத்தின் கையும் ஓங்கியது.

1965-66இல் கம்யூனிஸ்டுகள் என்று குறிவைத்துக் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டதாகப் பல ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அந்த இரத்தத்தின் மீது அமைந்த சுகார்த்தோவின் ஆட்சி 32 ஆண்டுகள் நீடித்தது. அந்த ஆட்சியைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டுமானால் இரண்டையும் சொல்ல வேண்டும். 1976இல் 40 விழுக்காடாக இருந்த வறுமை 1996இல் 11 விழுக்காடாகக் குறைந்தது. 1984இல் நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. எண்ணெய்ப் பணம் பள்ளிகளாகவும் சுகாதார நிலையங்களாகவும் கிராமங்களைச் சென்றடைந்தது. அதே ஆட்சியில், சுமத்ராவின் வடமுனையிலுள்ள அச்சேயில் கண்டறியப்பட்ட இயற்கை எரிவாயுவின் வருவாய் பெரும்பாலும் ஜகார்த்தாவுக்குப் போனது; 1976இல் அங்கே விடுதலை இயக்கம் தோன்றியது. பப்புவாவில் 1969ஆம் ஆண்டு, இந்தோனேசியாவுடன் இருப்பதா என்று முடிவுசெய்யத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கைதூக்க வைத்து நடத்தப்பட்ட 'விருப்ப வாக்கெடுப்பு'க்கு முன்பே, 1967இல், அங்குள்ள செம்பையும் தங்கத்தையும் வெட்டியெடுக்கும் உரிமை ஃப்ரீபோர்ட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு வழங்கப்பட்டுவிட்டது. வளம் இருக்கும் இடத்தில் இராணுவம், மக்கள் இருக்கும் இடத்தில் மானியம் என்று அந்த ஆட்சியின் கணக்கைச் சொன்னால் பெரிதும் பிழையாகாது.

1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நிதி நெருக்கடி இந்தோனேசியாவைத்தான் மிகக் கொடுமையாகத் தாக்கியது. ஒரு டாலருக்குச் சுமார் 2,400 ரூபியாவாக இருந்த மாற்று மதிப்பு 1998இன் நடுவில் 16,000ஐத் தாண்டியது. அந்த ஓர் ஆண்டில் பொருளாதாரம் 13 விழுக்காடு சுருங்கியது. மே மாதக் கலவரங்களில் ஜகார்த்தாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீன வம்சாவளியினர் குறிவைத்துத் தாக்கப்பட்டார்கள். மே 21 அன்று சுகார்த்தோ பதவி விலகினார். அடுத்த ஆண்டு கிழக்குத் திமோர் வாக்கெடுப்பின் மூலம் பிரிந்தது. அச்சேயிலும் பப்புவாவிலும் விடுதலைக் குரல்கள் வலுத்தன. மலுக்குவில் மதச் சண்டை மூண்டது. யூகோஸ்லாவியாவைப் போல இந்நாடும் சிதறிவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள்.

சிதறவில்லை. அதற்கு முதன்மையான காரணமாக நான் கருதுவது 1999இல் இயற்றப்பட்டு 2001இல் நடைமுறைக்கு வந்த அதிகாரப் பரவல் சட்டங்கள். அவற்றின் நுட்பம், அதிகாரத்தை மாகாணங்களுக்குத் தராமல் அதற்கு அடுத்த நிலையிலுள்ள மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் தந்ததில் இருக்கிறது. மாகாணம் வலுத்தால் தனிநாடு கேட்கும் தகுதி அதற்கு வந்துவிடும் என்ற அச்சமும், மாவட்டம் அந்த அளவுக்குச் சிறியது என்ற கணக்கும் இதற்குப் பின்னால் இருந்தன. பள்ளி, மருத்துவமனை, சாலை, உரிமம் எனப் பெரும்பாலான பணிகள் மாவட்டத்துக்குப் போயின. எண்ணெய் வருவாயில் 15 விழுக்காடு, எரிவாயுவில் 30 விழுக்காடு, சுரங்க வருவாயில் 80 விழுக்காடு அது கிடைக்கும் பகுதிக்கே திரும்ப வேண்டும் என்று சட்டம் சொன்னது; அச்சேக்கும் பப்புவாவுக்கும் எண்ணெய், எரிவாயுவில் 70 விழுக்காடு என்று தனியாக விதிக்கப்பட்டது. சுகார்த்தோ காலத்தில் சுமார் 300ஆக இருந்த மாவட்டங்களும் நகரங்களும் இன்று 514. ஒவ்வொரு பிரிவினையின்போதும் புதிய அலுவலகம், புதிய வேலைகள், புதிய ஒப்பந்தங்கள் உருவாகின. ஊழலும் ஜகார்த்தாவிலிருந்து ஊர்களுக்குப் பரவியது. ஆயினும், தம் ஊர் ஆட்சியைத் தாமே பிடிக்கலாம் என்ற வாய்ப்பு கிடைத்தபின், நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற வேகம் பெரும்பாலான இடங்களில் தணிந்தது. அச்சேயில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைப் பேரழிவுக்குப் பிறகு, 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாடு போரை முடித்தது. பப்புவாவில் மட்டும் இந்த மருந்து வேலை செய்யவில்லை. அங்கே ஆயுத மோதல் இன்றும் தொடர்கிறது.

மத்திய ஆட்சியின் அமைப்பும் இதே அச்சத்தை மனத்தில் வைத்தே வரையப்பட்டது. 1999 முதல் 2002 வரை அரசியல் சட்டம் நான்கு முறை திருத்தப்பட்டது. 2004 முதல் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் ஐந்தாண்டுகள் வீதம் இருமுறை மட்டுமே பதவி வகிக்கலாம். முதல் சுற்றில் வெல்லப் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் போதாது. மாகாணங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் குறைந்தது 20 விழுக்காடு வாக்கும் பெற வேண்டும். ஜாவாவின் வாக்குகளை மட்டும் நம்பி ஒருவர் நாட்டை ஆளக் கூடாது என்பதற்கான கட்டுப்பாடு இது. அரசியல் கட்சியும் எல்லா மாகாணங்களிலும், அவற்றின் மாவட்டங்களில் முக்கால் பங்கிலும் கிளை வைத்திருந்தால்தான் தேசியத் தேர்தலில் நிற்கலாம். எனவே அச்சே தவிர எங்கும் மாநிலக் கட்சி என்ற ஒன்றே கிடையாது. சட்டமியற்றும் அவையில் 580 உறுப்பினர்கள். 38 மாகாணங்களுக்கும் தலா நால்வர் வீதம் 152 பேர் கொண்ட வட்டாரப் பேரவையும் உண்டு, ஆனால் அதன் அதிகாரம் மிகக் குறைவு. 2024இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் ஒரே நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளில் அதிபரையும் பேரவைகளையும் தேர்ந்தெடுத்தார்கள். 2019 தேர்தலில் வாக்கு எண்ணும் பளு தாங்காமல் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட தேர்தல் பணியாளர்கள் இறந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த அமைப்பின் பெரும் பலவீனம், எதிர்க்கட்சி என்ற ஒன்று நிலைக்காமல் போவது. வென்ற அதிபர் தோற்றவர்களையும் அமைச்சரவைக்குள் இழுத்துக்கொள்கிறார். 2014இலும் 2019இலும் ஜோகோ விடோடோவிடம் தோற்ற பிரபோவோ சுபியாந்தோ அவருடைய அமைச்சரவையிலேயே பாதுகாப்பு அமைச்சரானார். 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 58.6 விழுக்காடு வாக்குகளுடன் அவர் அதிபராகத் தேர்வானபோது, துணை அதிபராகத் தேர்வானவர் விடோடோவின் மூத்த மகன் ஜிப்ரான். வயது வரம்பைத் தளர்த்தி அவருக்கு வழிவிட்ட அரசியல் சட்ட நீதிமன்றத் தீர்ப்பின்போது தலைமை நீதிபதியாக இருந்தவர் அவருடைய மாமா. நெறிமுறைக் குழு பின்னர் அவரைத் தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. ஊழல் ஒழிப்பு ஆணையம் 2019இல் சட்டத் திருத்தத்தால் வலுவிழந்ததும், 2025 மார்ச்சில் பணியிலுள்ள இராணுவ அதிகாரிகள் வகிக்கக்கூடிய அரசுப் பதவிகளின் எண்ணிக்கை கூட்டப்பட்டதும் இதே போக்கின் பகுதிகள். இது எனக்குக் கவலை தருகிறது.

இனிப் பொருளாதாரம். 2024இல் அதன் அளவு ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி டாலர். தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 டாலர். இருபது ஆண்டுகளாகப் பெருந்தொற்றுக் காலம் தவிர ஆண்டு வளர்ச்சி 5 விழுக்காட்டை ஒட்டியே நின்றிருக்கிறது. 1998இன் அடியை மறக்காத ஆட்சியாளர்கள், ஆண்டுப் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 3 விழுக்காட்டையும் அரசுக் கடன் 60 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது என்று 2003இல் சட்டமாகவே எழுதினார்கள். பெருந்தொற்றின்போது தளர்த்தியவர்கள் கெடுவுக்கு ஓராண்டு முன்னதாக 2022இலேயே அந்த வரம்புக்குத் திரும்பினார்கள். அந்த ஒழுக்கம் பாராட்டுக்குரியது. ஆனால் வரி வருவாய் மொத்த உற்பத்தியில் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால், செலவு செய்யக் கையில் இருப்பது எப்போதும் குறைவு.

உற்பத்தி மதிப்பில் ஏறத்தாழ 57 விழுக்காடு ஜாவாவில்தான். ஆலைகளும் வங்கிகளும் அலுவலகங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்நியச் செலாவணியைக் கொண்டுவரும் நிலக்கரி, பாமாயில், நிக்கல் ஆகியவை பெரும்பாலும் வெளித்தீவுகளின் பொருள்கள். எண்ணெய் ஏற்றுமதி நாடாக 1962இல் அத்தகைய நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கில் சேர்ந்த இந்தோனேசியா, வயல்கள் வற்றி நுகர்வு பெருகியதால் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடாகிவிட்டது. அந்த இடத்தை நிரப்பியவை கலிமந்தானின் நிலக்கரியும் சுமத்ராவின் செம்பனையும். உலகப் பாமாயில் உற்பத்தியில் பாதிக்கும் மேல் இந்தோனேசியாவுடையது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் கிடைக்கும் பாமாயிலின் விலை அந்தத் தோட்டங்களோடு கட்டுண்டது: 2022 ஏப்ரல் இறுதியில் உள்நாட்டு விலையேற்றத்தைத் தடுக்க இந்தோனேசியா ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது இந்தியச் சந்தையும் கலங்கியது. சுமத்ராத் தோட்டங்களோடு தமிழர்களுக்கு இதைவிடப் பழைய உறவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட சுமத்ராவின் டெலி பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அப்பகுதியின் மேடான் நகரில் இன்றும் வாழ்கிறார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது.

நிக்கலின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. தாதுவை அப்படியே விற்கக் கூடாது, உள்நாட்டிலேயே உருக்கி மதிப்பைக் கூட்டி விற்க வேண்டும் என்று 2020 ஜனவரி 1 முதல் தாது ஏற்றுமதியை அரசு தடை செய்தது. சீன மூலதனம் பெருமளவில் வந்து மத்தியச் சுலவேசியின் மொரோவாலியிலும் வட மலுக்குவின் ஹல்மஹேராவிலும் உருக்காலை நகரங்களை எழுப்பியது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வணிக அமைப்பில் வழக்குத் தொடுத்து, 2022இல் நடுவர் குழு இந்தோனேசியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தும் அரசு பின்வாங்கவில்லை. இன்று உலகின் நிக்கல் தாதுவில் பாதிக்கும் மேல் அங்கேதான் வெட்டப்படுகிறது. மூலப்பொருளை மட்டும் விற்றே பழகிய ஒரு நாடு இந்த உறுதியைக் காட்டியது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் விலையும் பெரிது: ஆலைகளுக்கெனத் தனியாக நிறுவப்பட்ட நிலக்கரி மின்நிலையங்கள், கலங்கிய கடற்கரைகள், 2023 டிசம்பர் 24 அன்று மொரோவாலி ஆலை வெடிப்பில் இறந்த 21 தொழிலாளர்கள். வட மலுக்கு 2022இலும் 2023இலும் 20 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது. மத்தியச் சுலவேசியும் வேகமாக வளர்ந்தது, ஆனால் அங்கே வறுமை 2023இல் 12 விழுக்காட்டுக்கு மேல், அதாவது நாட்டின் சராசரியைவிட அதிகமாகவே இருந்தது.

சுரங்கமும் உருக்காலையும் பணத்தைக் கொண்டுவரும். ஜாவாவின் கோடிக்கணக்கான இளைஞர்களுக்கு வேலை தராது. அதைத் தர வேண்டிய ஆலைத் தொழிலின் பங்கு, நூற்றாண்டின் தொடக்கத்தில் மொத்த உற்பத்தியில் 29 விழுக்காட்டை ஒட்டி இருந்தது, இன்று 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. உழைப்பவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர் முறைசாரா வேலைகளில் இருக்கிறார்கள். புள்ளியியல் துறையின் கணக்குப்படி 2019இல் 5.73 கோடியாக இருந்த நடுத்தர வகுப்பு 2024இல் 4.79 கோடியாகச் சுருங்கியது. 2025 ஆகஸ்ட் இறுதியில், மாதம் 5 கோடி ரூபியா வீட்டுப்படி பெற்றுவந்த நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம், காவல்துறை வாகனம் மோதி ஒரு இருசக்கர வாடகை ஓட்டுநர் இறந்ததும் நாடெங்கும் பற்றியெரிந்தது. அதன் எரிபொருள் இந்தச் சுருக்கம்தான்.

பிரபோவோ அரசு 8 விழுக்காடு வளர்ச்சி என்ற இலக்கோடு, 2025 ஜனவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் இலவச உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. முழுமை பெறும்போது அது ஏறத்தாழ 8.3 கோடிப் பேரைச் சென்றடைய வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஐந்தில் ஒரு குழந்தை ஊட்டக் குறைவால் வளர்ச்சி குன்றிய நாட்டில் நோக்கம் முற்றிலும் நியாயமானது. ஆனால் அவசரமாக விரித்ததால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் உணவு நஞ்சாகிப் பாதிக்கப்பட்டார்கள். அதற்கான பணமும் எங்கிருந்தோ வந்தாக வேண்டியிருந்தது. 2025 பட்ஜெட்டில் சுமார் 919 லட்சம் கோடி ரூபியாவாக இருந்த மாவட்ட, மாகாண நிதி ஒதுக்கீடு 2026க்குச் சுமார் 693 லட்சம் கோடியாக வெட்டப்பட்டது. தம் தேவையைத் தாமே ஈடுகட்ட வேண்டிய நெருக்கடி ஏற்கெனவே முற்றிவந்த சூழலில், நடு ஜாவாவில் 'பாத்தி' (Pati) என்ற மாவட்டம் நில, கட்டட வரியை 250 விழுக்காடு வரை உயர்த்தப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வலுத்ததும் பின்வாங்கியது; அப்படியும் 2025 ஆகஸ்ட் 13 அன்று பெரும் கூட்டம் தெருவுக்கு வந்தது.

ஆகவே இந்தோனேசியாவைத் தொடர்ந்து கவனிக்க விரும்புபவர்களுக்கு நான் சொல்வது, ஜகார்த்தாவின் அமைச்சரவை மாற்றங்களைவிட, கிழக்குக் கலிமந்தானில் எழும் புதிய தலைநகர் நுசந்தாராவைவிட, மாவட்டங்களுக்குப் போகும் நிதியையும் மாவட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கவனியுங்கள் என்பதே. நேரடி உள்ளூர்த் தேர்தலுக்குச் செலவு அதிகம், மாவட்ட, மாகாணச் சட்டப் பேரவைகளே தலைவர்களைத் தேர்ந்தெடுக்கட்டும் என்ற யோசனையை அதிபரே 2024 டிசம்பரில் முன்வைத்தார். 2014இல் நாடாளுமன்றம் இதையே சட்டமாக நிறைவேற்றியபோது, மக்களின் எதிர்ப்பைக் கண்டு அன்றைய அதிபர் யுதோயோனோ சில நாள்களுக்குள் அவசரச் சட்டத்தால் அதை நீக்கினார். இம்முறை அப்படித் திரும்பப் பெற வற்புறுத்தும் வலுவுள்ள எதிர்க்கட்சி நாடாளுமன்றத்துக்குள் இல்லை.